எல்லாம் இந்தத் தண்ணியால வந்தது

மனுஷரில் எத்தனையோ வகை உண்டு. மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தராதவர் ஒரு வகை. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தன் வயிற்று ஆப்பரேஷனை விவரிக்கிறவர் ஒரு வகை. அவர்களைப் பற்றியெல்லாம் பேசியாயிற்று, சிரித்தும் ஆயிற்று. ஆனால் யார் கண்ணிலும் படாமல், வீட்டுக்கு வீடு குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே உலாவிக்கொண்டிருக்கிற ஒரு இனம் இருக்கிறது. குழாயைத் திறப்பார். விழுகிற தண்ணீரை இரண்டு விரலில் ஏந்துவார். கட்டைவிரலால் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். நாக்கு நுனியில் ஒரு சொட்டை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பினவர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு உங்களைப் பார்த்து, "இந்தத் தண்ணியிலயா குடித்தனம் பண்றீங்க?" என்பார்.

அவரேதான். தண்ணீர்மேல் பழி போடுகிற இனம்.

உடனே உங்கள் மூத்த மச்சானை நினைத்துக்கொண்டு சிரிக்காதீர்கள். சற்றுப் பொறுங்கள்.

உப்பு மிகுந்த தண்ணீர் பொல்லாதது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பாக, மாவு அப்பினதுபோல் அப்பிக்கொள்ளும். ஷவரின் கண்களை ஒவ்வொன்றாக அடைத்து, கடைசியில் ஒரே ஒரு கண்ணை விட்டுவைத்து, அது நம் காதைக் குறிபார்த்து அடிக்கும். சோப்பை நுரைக்க விடாது. துண்டைப் பலகையாக்கும். கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் அம்மை போட்ட முகம்போல் காயும். இதெல்லாம் உள்ளதுதான். இதோடு நிறுத்திக்கொண்டால் அவர் சாதாரண மனுஷர். நம் ஆள் இதோடு நிறுத்துவாரா? வாஷிங் மெஷினில் ஆரம்பித்து தலைமுடிக்குப் போவார், தலைமுடியிலிருந்து முழங்கால் வலிக்கு இறங்குவார், முழங்காலிலிருந்து மைத்துனன் வேலையை விட்டதற்கு வந்து சேர்வார். கீழ் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாததற்கும் காரணம் குழாய்க்குள்தான் இருக்கிறது. நடுவில் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, கண்ணாடியில் தெரிகிற மூஞ்சிமேல் சந்தேகம் வருமா? வராது. கண்ணாடியிலும் உப்புப் படிந்திருக்கிறதே, என்ன தெரியும்?

அப்படி ஒருவரைத்தான் அக்கம்பக்கத்தில் சுண்ணாம்பு மாமா என்பார்கள். தொழில், தையல். கடை முழுக்க ஒரு மேஜை, இரண்டு மெஷின், ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி. கோட்டுக்குத் தோள் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அளவு கொடுக்க வந்தவர் கடைக்குள் காலை வைத்ததும் முதலில் பார்ப்பது துணியை அல்ல. பொத்தான் டப்பாக்களுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பழைய ஹீட்டர் கம்பி படுத்திருக்கும். வெள்ளை வெளேரென்று, பவழப் பாறையிலிருந்து ஒடித்து எடுத்ததுபோல். மாமா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கேட்பார்: "பாத்தீங்களா? எங்க வீட்டு ஹீட்டர்ல இருந்து எடுத்தது. இரும்புக்கே இந்தக் கதின்னா, உங்க குடலுக்கு என்ன கதி?" வந்தவர் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுப்பார். மாமா அந்த நேரம் பார்த்து இடுப்பளவு எடுத்துவிடுவார். பேன்ட் இறுக்கமாகத்தான் வரும். ஏன் இறுக்கம் என்று கேட்டால், "துணி தண்ணியில சுருங்கிடிச்சு. நம்ம தண்ணி அப்படி."

இவர் இப்படி ஆனது இவர் குற்றம் மட்டும் இல்லை, ரத்தத்தில் ஓடுகிறது. இவருடைய அப்பாவைப் பெற்றவர் எதற்கெடுத்தாலும் வெயிலைச் சொல்வார். அவருடைய மூத்த மகன், அதாவது மாமாவுக்குப் பெரியப்பா, அவருக்குக் காற்று. சைக்கிளோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டதற்கும் காற்று, வீட்டில் பெண்டாட்டி பேசாமல் இருந்ததற்கும் காற்று. அந்தப் பெரியப்பாவின் நடு மகள் வாழ்க்கைப்பட்ட இடத்தில் எல்லாவற்றுக்கும் வீட்டு மாடிப்படியைக் காரணம் சொன்னாள்; படி செங்குத்தாக இருப்பதால்தான் மாமியாருக்குக் கோபம் வருகிறது என்பாள். தாய்வழியில் ஒரே ஒருவர் மட்டும், ஒன்றுவிட்ட தாய்மாமன், எது நடந்தாலும் "என் தப்புதான்" என்று சொல்லிவிடுவார். அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடவும் மறந்துபோவார்கள். ஆகையால் மாமா யார் வழியில் போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தண்ணீருக்கு அவர் வந்து சேர்ந்தது ஒரு கறுப்புக் கோட்டு மூலமாக. கல்யாண மாப்பிள்ளை ஒருவருடைய கோட்டு. கடைசி இஸ்திரி. பெட்டியைக் கழுவி நெடுநாள் ஆகியிருந்தது. பெட்டி இருமியது, தும்மியது, கோட்டின் நெஞ்சுமேல் வெள்ளை வெள்ளையாகத் துப்பியது. மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். மாமாவுக்கு வேர்த்து ஒழுகுகிறது. அப்போது, யார் சொல்லிக்கொடுத்ததோ, அவர் வாயில் அந்த வார்த்தை தானாக வந்தது: "என்ன தம்பி பண்றது, நம்ம ஊர் தண்ணி அப்படி." மாப்பிள்ளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, எங்க வீட்டுலயும் கெட்டில் பூரா வெள்ளைதான்" என்றார். திட்டவில்லை. முகத்தைத் தூக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரைத் திட்டிவிட்டு, ஈரத்துணியால் கோட்டைத் துடைத்து, சிநேகிதர்களாகப் பிரிந்தார்கள்.

அன்றைக்குத்தான் மாமா கண்டுகொண்டார். வெயிலைத் திட்டினால் இன்னொருவருக்கு வெயில்தான் பிடிக்கும், சண்டைக்கு வருவார். தண்ணீரைத் திட்டினால் சண்டைக்கு யார் வருவார்கள்? எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரு குறை இருக்கிறது. இப்படி ஒரு வசதி வேறு எந்தக் குற்றவாளியிடம் உண்டு?

வீட்டில் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அவர் மனைவியை எல்லாரும் அத்தை என்றே கூப்பிடுவார்கள். அத்தைக்குத் தண்ணீரின்மேல் கோபம் இல்லை. பரிதாபம்தான்.

"சாவியைத் தொலைச்சது யாரு?" என்பாள்.

"தண்ணி இப்படி இருந்தா ஞாபகசக்தி எப்படி இருக்கும்?"

"அதே தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன். என் சாவி எங்கிட்டதான இருக்கு."

"உனக்குப் பழகிப்போச்சு."

"பழகிப்போனது தண்ணி இல்ல."

இதற்குமேல் பேச்சு வளராது. மாமா எழுந்து போய் ஷவர் தலையைக் கழற்றி, கிண்ணத்தில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு மனசு சரியில்லாத நாளில் வீட்டில் எந்த மெஷினும் முழுசாக இருக்காது.

இப்படிப்பட்ட மனுஷருடைய ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். தான் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைக்கிற பையனைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பையன் பஸ் கம்பெனியில் டிக்கெட் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். நல்லவன். அதில் ஒரு சிக்கலும் இல்லை. அவனுடைய அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். அதிலும் சிக்கல் இல்லை.

"அப்பா, அவரோட அப்பா எங்க வேலை பாத்தாருன்னு சொல்லலை இல்ல?"

"கவர்மெண்ட்டுன்னு சொன்ன."

"குடிநீர் ஆபீஸ்ல. அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவர்."

மாமா கையிலிருந்த ஊசியை மெதுவாகத் துணியில் குத்தி வைத்தார். வேட்டைக்காரன் வீட்டு வாசலில் மான் தானாக வந்து நின்றால் முகம் எப்படி ஆகும்? அப்படி ஆயிற்று.

"எந்த ஆபீஸ்?"

"அப்பா. இப்படிப் பாக்காதீங்க. அதுக்குத்தான் சொல்றேன். அந்த மனுஷர் வேலையில இருந்த காலம் பூரா, போற இடத்துல எல்லாம் ஜனங்க புடிச்சுக்குவாங்களாம். ஹீட்டர் போச்சு, மெஷின் போச்சு, முடி போச்சுன்னு. அவங்க சொந்தக்காரர் வீட்டு விருந்துல யாரோ தண்ணியப் பத்தி ஏதோ சொல்லிட்டாங்கன்னு, கையைக்கூடக் கழுவாம எந்திரிச்சு வந்துட்டாராம். அந்த வீட்டுப் பக்கம் இன்னும் போகலை. அவரு வேணாம்னு சொல்லிட்டா இவரு மீறிப் பண்ண மாட்டாரு. அவங்க வீட்டுல அப்படி."

"அதனால?"

"ஒரே ஒரு சாயங்காலம். தண்ணி, உப்பு, சுண்ணாம்பு, ஹீட்டர், மெஷின். எதுவும் உங்க வாயில வரக்கூடாது."

"அப்புறம் நான் என்னதான் பேசறது?"

இது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தை, "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. மூணு வார்த்தை போதும்" என்று குரல் கொடுத்தாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரைப் பற்றி மாமாவுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேசக்கூடாதே தவிர, செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? காலையிலிருந்து மாமா சத்தமில்லாமல் வேலை செய்தார். குழாய் நுனிகளைத் தேய்த்தார். டம்ளர்களைத் துடைத்தார். மத்தியானம் அத்தை துணி மாற்றப் போன நேரத்தில் மின்சாரக் கெட்டிலைத் திறந்து பார்த்தார். அடியில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்துகொண்டிருந்தது. வருகிறவர் கப்பில் அந்தத் தோல் மிதந்தால்? அதைப் பார்த்து அவரே, "இது என்ன?" என்று கேட்டுவிட்டால்? மகள் வாழ்க்கை ஒரு துணுக்குத் தோலில் தொங்குகிறது என்று அவருக்குப் பட்டது. சுண்ணாம்பைக் கரைக்கிற எலுமிச்சை உப்பை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, ஊற வைத்தார். எல்லாம் பாசத்தால் செய்ததுதான். அதை யாரும் மறுக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டிக் கழுவிவிடலாம் என்று சட்டை போட்டுக்கொள்ளப் போனார்.

வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கெட்டில் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

அதிகாரி நெட்டையானவர், தலை நிமிர்ந்து நடக்கிறவர், ஆனால் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் பதுங்கினார். எந்த வீட்டுக்குள் போனாலும் அடி விழுமோ என்று பார்த்துப் பார்த்துப் பழகிய பதுங்கல். அவர் மனைவி குள்ளமானவர், சிரித்த முகம். பையன் பின்னால் ஒரு கேக் பெட்டியோடு நின்றான்.

"வாங்க, உக்காருங்க" என்றார் மாமா. மூன்றில் இரண்டு வார்த்தை தீர்ந்துபோயிற்று.

அதிகாரி கை கழுவப் போனார். குழாய் முக்கியது, முனகியது, நூல் மாதிரி விழுந்தது. மாமா சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். குளியலறை ஹீட்டரை யாரோ போட்டுவைத்திருந்தார்கள். அது உள்ளே கூழாங்கல்லை வைத்துக் குலுக்குகிறது போல கடகடவென்று உறுமியது.

"என்னங்க சத்தம்?" என்று கேட்டார் அதிகாரி.

அந்தச் சத்தத்தைப் பற்றி மாமாவால் விடியும்வரை பேச முடியும். கம்பிமேல் படிவது என்ன, எப்படிப் படிகிறது, படிந்த தோலுக்கு அடியில் தண்ணீர் சிக்கிக் கொதிக்கும்போது ஏன் உறுமுகிறது, எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. மகள் பார்த்தாள்.

"மேல் வீட்டுல நாற்காலி இழுக்கறாங்க" என்றார் மாமா.

அவர்கள் இருப்பதே கடைசி மாடி. அத்தை கூரையைப் பார்த்தாள்.

துண்டைக் கொடுத்தார்கள். அதிகாரி முகத்தைத் துடைத்தார், கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் சொரசொரப்பா இருக்கே."

"புதுசு. இப்ப அப்படித்தான் நெய்யறாங்க."

அத்தை குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமா துடைத்த டம்ளர்தான், ஆனாலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமாவே, "அந்த டிசைன்ல ஒரு செட்டு எடுத்தோம்" என்றார். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இத்தனை காலமாகத் தண்ணீர்மேல் பழி போட்ட மனுஷர், அதைக் காப்பாற்ற இப்படிப் பாடுபட வேண்டி வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பையனுடைய அம்மா கோட்டுத் தையலைப் பற்றிக் கேட்டார். மாமா தோள் வைப்பது எப்படி என்று சொன்னார், அழகாகவே சொன்னார். அதிகாரியின் தோள் தளர்ந்தது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் முகத்தில் ரத்தம் திரும்பியது. அந்த நேரத்தில்தான் அத்தை சாப்பாட்டு மேஜைமேல் இருந்த கெட்டிலின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே தண்ணீர் தயாராக இருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே, இந்த மனுஷருக்குக்கூடக் கூறு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னாள்.

மாமா பார்த்தார்.

"அந்தக் கெட்டில்ல..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா" என்றாள் மகள்.

"இல்லம்மா, அந்தக் கெட்டில்ல அடியில..."

"அப்பா, ஆல்பம் எடுத்துட்டு வாங்க. உள்ள அலமாரியில இருக்கு."

அவர் அத்தையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அத்தை அந்த ஆட்டலை நன்றாக அறிவாள். ஹீட்டர் கம்பிக் கதை ஆரம்பிக்கும்போது இதே கை இப்படித்தான் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு, "போய் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

நீங்கள் கேட்கலாம்: இது என்ன பெரிய விஷயம், 'அந்தத் தண்ணியைக் கொட்டு' என்று மூன்று வார்த்தை சொல்ல முடியாதா? முடியாது. அதில் நடு வார்த்தை எது என்று பாருங்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். சொன்னால் அடுத்து என்ன வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் அவரைச் சொல்லவும் விடமாட்டார்கள். எப்போது பார்த்தாலும் ஒரே சேதியைச் சொன்னவர், சொல்லவேண்டிய சேதி நிஜமாக வந்தபோது ஊமையாகிப் போனார். ஆல்பத்தை எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது எல்லார் கையிலும் கப்பு இருந்தது. டீ இருக்கவேண்டிய நிறத்தில் இல்லை. வைக்கோலை ஊறவைத்த நிறம். பையன் அம்மா, "லேசா இருந்தாதான் எனக்குப் பிடிக்கும்" என்று மரியாதைக்குச் சொன்னார். அத்தை முதலில் அதிகாரியின் கப்பில் பாலை ஊற்றினாள்.

பால் உள்ளே போன வேகத்தில் திரும்பி மேலே வந்தது. துணுக்குத் துணுக்காக, கிழிந்த பஞ்சு மாதிரி.

"இப்பதானே புதுப் பாக்கெட்டு பிரிச்சேன்" என்றாள் அத்தை.

அத்தையும் மகளும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயில் எந்த வார்த்தை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வார்த்தைக்கு இவ்வளவு பெரிய வாசல் இதுவரை திறந்ததே இல்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருவரும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். அதிகாரி கப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றி, எழுந்துகொள்ளத் தயாராக முதுகை நிமிர்த்தினார்.

மாமா ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் என்று சொன்னால் மகள் போச்சு. பால் என்று சொன்னால் பெண்டாட்டி போச்சு. கெட்டில் என்று சொன்னால் அது தண்ணீரில்தான் வந்து முடியும். மேல் வீட்டு நாற்காலியைச் சொல்ல வழியில்லை. தேடித் தேடிப் பார்த்ததில் அந்த அறையில் பழி போடத் தோதாக ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தார்.

"நான்தாங்க" என்றார்.

குரல் புதிதாக இருந்தது, அந்த வார்த்தையை அது அவ்வளவாகச் சொன்னதில்லை. "நான்தான் கெட்டில்ல எலுமிச்சை உப்பு ஊறப் போட்டேன். கொட்ட மறந்துட்டேன். அவங்க மேல தப்பில்ல. என் தப்புதான்."

"எதுக்குங்க ஊறப் போட்டீங்க?" என்று பையனின் அம்மா வெள்ளை மனசாகக் கேட்டார்.

கேட்கக்கூடாத கேள்வி. மாமா மகளைப் பார்த்தார். "சும்மாதான். எனக்கு அப்படி ஒரு பழக்கம்."

அதிகாரி கப்பைத் திரும்ப எடுத்தார். மோந்தார். திரிந்த பாலை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்ததா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு ஸ்பூன்."

"ஒண்ணு போதும்" என்றார் அதிகாரி.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் அவர் மனைவிதான் சிரித்தார். முந்தானையால் வாயை மூடிப் பார்த்தார், முடியவில்லை. "எங்க வீட்டுலயும் இதேதாங்க. ஷவரைக் கழட்டுறது, கெட்டிலை ஊறப் போடுறது. பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு கதவைச் சாத்திட்டுச் செய்வாரு. இங்க வரும்போது வழி பூரா எங்கிட்டயும் புள்ளைகிட்டயும் வாக்கு வாங்கினாரு. தண்ணின்னு ஒரு பேச்சு வரக்கூடாது, வந்தா நான் எந்திரிச்சிடுவேன்னு."

"உங்ககிட்டயுமா?" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு டீயை யார் நினைத்தார்கள்? அதிகாரி தாமாகவே எழுந்து வாஷிங் மெஷின் பக்கம் போனார். மாமா பின்னாலேயே போனார். மூடியைத் திறந்து இரண்டு பேரும் உள்ளே தலையைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பேச்சு மட்டும் வந்தது.

"ஆபீஸ்ல இருந்து தண்ணி கிளம்பும்போது கண்ணாடி மாதிரிதான் கிளம்புது சம்பந்தி. உங்க கட்டடத்துக் குழாய்ல வந்துதான் கெட்டுப்போவுது."

"அதெப்படி சம்பந்தி, குழாய் என்ன பண்ணும்? பாவம்."

"குழாய்தான் எல்லாம் பண்ணும். ஜனங்களுக்கு டாங்க்கைக் கழுவத் தெரியாது, மெஷினை வச்சுக்கத் தெரியாது. நான் சர்வீஸ்ல இருந்த காலத்துல ஒரு தடவையாவது எங்க மேல தப்பு இருந்திருக்குமா சொல்லுங்க."

"சம்பந்தி" என்ற வார்த்தையை யார் முதலில் சொன்னது என்று அப்புறம் இரண்டு வீட்டிலும் நெடுநாள் வழக்கு நடந்தது. எப்படியோ, கல்யாணம் அந்த மெஷினுக்குள்தான் நிச்சயமாயிற்று. அத்தை அடுப்பில் பாத்திரம் வைத்து வேறு டீ போட்டாள். ஹாலில் மகளும் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தார்கள். அவளுக்கு நிம்மதிதான். ஆனால் வாழ்நாள் பூராவும் இந்த இரண்டு முதுகும் எந்த வீட்டு மெஷினுக்குள் குனியப்போகின்றன என்பதும் தெரிந்தது.

"நாம தூரமா எங்கயாவது வீடு பாத்துக்கலாமா?" என்று காதோடு கேட்டாள்.

பையன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "பாக்கலாம். ஆனா அங்க தண்ணி எப்படி இருக்குமோ?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சரி, மாமா அன்றோடு திருந்திவிட்டாரா? நான்தான் என்று ஒரு தடவை சொன்னதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, அதுவும் கல்யாணமே கூடிவந்ததே, இனிமேலாவது அப்படியே போகலாமே? அத்தையும் அப்படித்தான் நம்பினாள். மறுநாள் காலை வரைக்கும் நம்பினாள். காலையில் கடைக்குக் கிளம்பி வாசலில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு, "நேத்து சம்பந்தி வந்தாங்களாமே, டீ திரிஞ்சு போச்சாமே?" என்று கேட்டார். சேதி எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள், அது குழாயைவிட வேகமாகப் போகும். மாமா நின்றார். தொண்டையைச் செருமினார். பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்த அத்தை காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அது ஒண்ணுமில்ல" என்றார் மாமா. "இப்ப வர பாலே சரியில்ல. நல்ல பாலா இருந்தா, ஒரு துளி எலுமிச்சை உப்புக்கா திரியும்?"

இவ்வளவுதான் இந்த இனத்தைப் பற்றிச் சொல்ல இருப்பது. உங்களுக்கு இப்போது ஒரு நிம்மதி வந்திருக்கும். யார் யாரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, உங்கள் மனசு, 'அதெல்லாம் சரி, ஆனா எங்க ஏரியா தண்ணி நிஜமாவே மோசங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கொஞ்சம் உஷாராக இருங்கள். சொல்லவில்லையா? அப்படியானால் நீங்கள் தப்பித்தீர்கள்.

சொல்லிவிட்டு மறந்துபோயிருந்தாலும் இருக்கலாம். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம்? நீங்கள் குடிக்கிற தண்ணீர் அப்படி.